பங்சாரில் வெயில், பார்சல் மட்டும் வரவில்லையே!

எங்கள் தெருவில் ஒரு சொட்டு வெள்ளம் இல்லை. கிள்ளானிலிருந்து தங்கை அனுப்பிய பார்சல் மூன்று நாளாகியும் வரவில்லை. கேட்டால் மழை என்கிறார்கள். நம்பலாமா? – வாசகி, பங்சார்

நம்பலாம் அம்மா. உங்கள் தெரு தப்பியிருக்கலாம். பார்சல் வரும் வழி அப்படியில்லை. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஆற்றையொட்டிய தாழ்வான பகுதிகள் உண்டு. 2021 டிசம்பர் 18 மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து வரும் கூட்டரசு நெடுஞ்சாலையிலும் வெள்ளம் புகுந்தது. லோரி நகராத நாளில் தபால்காரர் என்ன செய்வார்? தண்ணீர் வடிந்தாலும் சாலைக் குழிகள் அப்படியே கிடக்கும். பின்பெட்டி நிறைய சுமையோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு, சேற்று நீர் மூடிய ஒரு குழி போதும், கை கால் முறிய. அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

தாமதத்தைப் பொறுக்கலாம், தகவலே இல்லாததைப் பொறுக்க வேண்டியதில்லை. தங்கையிடம் கண்காணிப்பு எண்ணை வாங்கிப் பாருங்கள். சாலை திறந்த பிறகும் பார்சல் அதே இடத்தில் நின்றால், அதைக் கொண்டுவரும் நிறுவனத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போங்கள். தபால் சேவையைக் கண்காணிப்பது அவர்கள்தான்.

மருந்து, கடப்பிதழ் போன்றவற்றை மட்டும் மழை மிகும் நவம்பர், டிசம்பரில் கடைசி நேரத்தில் அனுப்ப வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவையுங்கள்.