இலைக்குள் நிகழும் ஒழுங்குமுறை

விளைச்சலைக் கணக்கிடுகையில் நீர், விதை, உரம் ஆகியவற்றையே கருதுகிறோம். விலையின்றிக் கிடைக்கும் சூரிய ஒளி வீணாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒளிச்சேர்க்கையின்போது நீரிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள் சைட்டோகுரோம் முதலிய புரதங்களின் வழியே சென்று, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் ஆற்றலை அளிக்கின்றன. இவ்வோட்டத்தால் பசுங்கணிகத்திலுள்ள தைலகாய்டு என்னும் நுண்பைகளில் புரோட்டான்கள் சேருகின்றன. கடும் வெயிலில் இவை மிகுந்து பைகளினுள் அமிலத்தன்மை உயர்கிறது. உடனே சைட்டோகுரோமில் எலெக்ட்ரான் ஓட்டம் தளர்கிறது. மிகையான ஒளியாற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. இதனால் இலை சேதமுறாமல் காக்கப்படுகிறது.

இக்காப்பிற்கு ஒரு விலை உண்டு. மேகம் மறைத்து ஒளி குறைந்த பின்னும் வெப்ப வெளியேற்றம் பல நிமிடங்கள் நீடிக்கிறது. பயன்பட வேண்டிய ஒளி அப்போது வீணாகிறது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களின் செயலை மிகுவித்து இத்தாமதத்தைக் குறைத்தனர். 2016-இல் வெளியான ஆய்வில் புகையிலைச் செடிகளின் உலர் எடை 14 முதல் 20 சதவீதம் வரை கூடியது. அடுத்து சோயாவில், 2020-ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் 33 சதவீதம் வரை உயர்ந்தது. ஆனால் பயிர் சாய்ந்துவிட்ட 2021-ஆம் ஆண்டுப் பருவத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு கிட்டவில்லை.

சாகுபடிப் பரப்பைப் பெருக்காமலே உற்பத்தியை உயர்த்தக்கூடிய வழி என்பதால் இது ஊக்குவிக்கத் தக்கது. எனினும் ஒரு பருவத்தின் சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டு உற்பத்தி இலக்கு வகுத்தல் முறையாகாது. பல பருவங்களிலும் பலவகை நிலங்களிலும் சோதித்துத் தேறிய பின்னரே இத்தகைய விதை உழவரைச் சென்றடைய வேண்டும்.