மருந்தின் மெய்ம்மை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். பட்டின் தரமறிந்தோர் சேலையின் பளபளப்பை மட்டும் கண்டு மயங்குவதில்லை. ஓரிழையை உருவி எரித்துப் பார்ப்பர். மயிர் கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலிடைப் பொடியுமாயின் அது பட்டு. உருகிக் கட்டியாகுமாயின் அது செயற்கையிழை. உடம்பின்மேல் உடுப்பதற்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், உடம்பினுள்ளே செல்லும் மருந்திற்கு எத்துணைச் சோதனை வேண்டும்!

ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டு. பல பொருளுக்கு ஒரு பெயரும் உண்டு. நிகண்டு கற்றார் இதனை நன்கறிவர். செய்யுளில் இஃது அழகு. மருந்துக் கடையிலோ இதுவே இடர். சீன மருத்துவத்தில் 'ஃபாங்ஜி' என்னும் பெயர் வெவ்வேறு செடிகளின் வேர்களுக்கு வழங்கிவந்தது. 1990-களின் தொடக்கத்தில், பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய விரும்பிய பெண்டிர்க்கு அப்பெயருடைய வேர்ப்பொடி கொடுக்கப்பட்டது. கொடுக்கக் கருதிய வேர் ஒன்று. பொடியிற் சேர்ந்த வேர் மற்றொன்று. ஏறத்தாழ நூறு பெண்டிர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றது. சிலர்க்குப் பின்னாளிற் புற்றுநோயும் தோன்றியது. அப்பொடியை வேதியியலார் பகுத்தாய்ந்தபோது, அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு அதில் இருத்தல் புலனாயிற்று. நம் நாட்டில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் அந்நஞ்சுடைய செடியினத்தைச் சேர்ந்ததே. ஆதலின் இச்செய்தி நமக்கு அயலதன்று.

நம் சித்த மருத்துவத்திலிருந்து ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, தமிழக அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்னும் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. பொடியாக்கியபின் ஒன்றினின்று ஒன்றைக் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. ஆகவே ஒவ்வொரு சரக்கையும் இடிக்குமுன்னரே சோதித்தல் வேண்டும்.

சோதனைச்சாலையில் சரக்கின் உருவத்தைக் கண்ணாலும், உள்ளமைப்பை நுண்ணோக்கியாலும் முதற்கண் காண்பர். பின்னர், பட்டிழையை எரித்தாற்போல, அதனையும் எரிப்பர். அமிலத்திற் கரையாத சாம்பல் மிகுமாயின், மண்ணும் மணலும் கலந்துள்ளன என்று உணர்வர். ஈரத்தையும் அளப்பர், ஈரம் மிக்க சரக்கிற் பூஞ்சை பற்றி நஞ்சு விளையும்.

நிலவேம்பின் கசப்பிற்கு முதன்மையான காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் பொருள். அதனை அறிய வண்ணப்பிரிகை என்னும் முறை உதவுகின்றது. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் மூலிகைச் சாற்றை ஒரு புள்ளியாக இடுவர். அருகில் தூய ஆண்ட்ரோகிராபோலைடை மற்றொரு புள்ளியாக இடுவர். தகட்டின் அடிநுனியைக் கரைப்பானில் நிறுத்த, கரைப்பான் மேலேறும். அதனுடன் சாற்றிலுள்ள பொருள்கள் தத்தம் இயல்பிற்கேற்ப வெவ்வேறு உயரம் செல்லும். தூய பொருள் சென்ற உயரத்திலேயே சாற்றின் புள்ளிகளுள் ஒன்றும் நிற்குமாயின், அப்பொருள் சாற்றில் உண்டு என்பதற்கு அது சான்றாகும்.

மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் உலோக நஞ்சும் மூலிகையிற் சேரலாம். மூலிகைகளால் மட்டும் ஆகிய மருந்தில், பத்து இலட்சம் பங்கிற்கு ஈயம் 10 பங்கையும், ஆர்செனிக் 3 பங்கையும், பாதரசம் 1 பங்கையும், காட்மியம் 0.3 பங்கையும் கடத்தலாகாது என வரம்பு வகுத்துள்ளனர். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1964-இல் திருத்தப்பட்டு, நாட்டு மருந்துகளும் அதனுள் அடங்கின.

வேதியியற் சோதனை மருந்து இன்னதென்று கூறும். அது நோயைத் தீர்க்குமா என்பதை நோயாளரிடத்துச் செய்யும் முறையான ஆய்வே கூறும். எனினும், பொருள் இன்னதென்று தெளியாமல் அதன் பயனை ஆராய்தல் இயலாது. ஆகவே மாணவர்களே, பெயரை மட்டும் நம்பி எம்மூலிகையையும் உட்கொள்ளாதீர்கள். மருந்துப் பொதியின்மீது உரிம எண்ணும் காலாவதி நாளும் உள்ளனவா என்று நோக்குங்கள். பழையது என்பதாலேயே ஒரு மருந்து நல்லதாகிவிடாது. பழையது என்பதாலேயே தீயதும் ஆகாது. சோதித்துத் தெளிதலே அறிவுடைமை.

பயிற்சி

1. 'ஃபாங்ஜி' என்னும் பெயரால் விளைந்த கேடு யாது?
2. சாம்பற் சோதனையால் அறியப்படுவது என்ன?
3. வண்ணப்பிரிகை முறையை உம் சொந்த நடையில் விளக்குக.