பயணம் முடிந்தது, பழைய ஒழுங்கு எங்கே?

சென்ற விடுமுறையில் நாம் குடும்பத்தோடு கோவளம் சென்று மூன்று இரவுகள் தங்கி வந்தோம். தாம்பரத்தில் குடியிருக்கும் நமக்கு அது தொலைதூர ஊரல்ல. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர்தான். நபித்தோழர் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிப் போற்றும் தர்ஹா அங்கே கடலோரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் வந்து ஜியாரத் செய்து, ஓரிரு நாள் தங்கிக் கடற்காற்று வாங்கிச் செல்வது வழக்கம்.

அந்த மூன்று நாள்களும் நம் வீட்டுக்கு நல்ல நாள்களாக அமைந்தன. அல்ஹம்துலில்லாஹ்! ஸுபுஹு பாங்கு ஒலித்ததும் பிள்ளைகள் எழுப்பாமலே எழுந்தார்கள். ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழ முடிந்தது. அலுவலகக் கவலையும் மின்சார ரயில் நெரிசலும் நம் நினைவிலேயே இல்லை.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை ஸுபுஹு தவறியது. அலறியடித்து எழுந்து ஓடினோம். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காலையில் சட்டை இஸ்திரி போடவில்லை என்ற அற்பக் காரணத்துக்காக வீடே அதிரும்படி ஏசிவிட்டோம். அப்போது இளைய மகன் தன் தாயிடம், "அம்மா, நாம திரும்பக் கோவளத்துக்கே போயிடலாமா? அங்கே அத்தா ஏசவே இல்லையே!" என்று கேட்டது நம் காதில் விழுந்தது.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அந்த வாரத்தில் நம்மை நெருங்கி வந்தது. வியாழன் மாலை மஃரிப் பாங்கு கேட்டபோது, "நான்கு நாளாக ஸுபுஹைப் பாழாக்கியவன், பிள்ளைகளை வெருட்டியவன், இன்று எந்த முகத்தோடு முதல் ஸஃப்பில் போய் நிற்பது? கோவளத்தில் தொழுததெல்லாம் வெறும் வேஷம்தானா?" என்று மனம் கேட்டது. கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. அன்று பள்ளிக்குப் போகவில்லை.

நேயர்களே! இது நம் ஒருவர் வீட்டுக் கதை மட்டுமா? ஹஜ்ஜிலிருந்தும் உம்ராவிலிருந்தும் திரும்பியவர்கள், ரமலானை நிறைவு செய்தவர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து மீண்டும் வேலைக்குச் செல்பவர்கள், தாய்வீடு சென்று வரும் பெண்கள் என்று எத்தனையோ பேர் இந்தத் தடுமாற்றத்தைக் கண்டிருப்பார்கள். போவதற்கு ஆயத்தம் செய்யும் நாம் திரும்பி வருவதற்கு எந்த ஆயத்தமும் செய்வதில்லை. ஆனால் மார்க்கம் அதற்கும் வழி காட்டியிருக்கிறது.

ஹன்ளலா (ரலி) அவர்களின் அச்சம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவர் ஹன்ளலா (ரலி). ஒருநாள் அவர்கள் ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களைச் சந்தித்தபோது, தாம் முனாபிக் ஆகிவிட்டதாகக் கலங்கிச் சொன்னார்கள். காரணம் என்ன? நாயகத்தின் சமூகத்தில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்ணெதிரே நிற்பது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து மனைவி, மக்கள், தொழில் என்று இறங்கிவிட்டால் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பதுதான். தமக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்கள் அபூபக்ர் (ரலி). இருவரும் நாயகத்திடம் சென்று முறையிட்டார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம்மிடம் இருக்கும் அதே நிலையில் எந்நேரமும் இருந்தால் மலக்குகளே உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகொடுப்பார்கள் என்றும், ஆனால் அது ஒரு நேரம், இது ஒரு நேரம் என்றும் தேறுதல் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது.

ஸித்தீக்குல் அக்பர் அவர்களுக்கே ஏற்பட்ட இந்த ஏற்ற இறக்கம் நமக்கு ஏற்படுவதில் வியப்பென்ன? உள்ளத்தின் சூடு குறைவது நயவஞ்சகம் ஆகாது. ஆனால் சூடு குறைந்ததைக் காரணமாக்கிப் பர்ளை விட்டுவிடுவது பெரும் நஷ்டம். ஷைத்தான் முதலில் ஒரு வேளைத் தொழுகையைத் தவறவைக்கிறான். பிறகு, "இனி உனக்கென்ன தொழுகை!" என்று வெட்கத்தை மூட்டி, மற்ற வேளைகளையும் பறிக்கப் பார்க்கிறான். முதல் சறுக்கலைவிட இந்த இரண்டாவது சூழ்ச்சியே கொடியது. வியாழன் மாலை நாம் அதில்தான் சிக்கினோம்.

தவ்பா என்ற அரபுச் சொல்லுக்கே திரும்புதல் என்பதுதான் பொருள். பயணத்திலிருந்து திரும்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஓதிவந்த துஆவிலும் திரும்புதல், தவ்பா, வணக்கம், இறைப்புகழ் என்ற நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைக் காணலாம். ஆகவே வீடு திரும்புவதும் இறைவன்பால் திரும்புவதும் ஒரே மூச்சில் நிகழ வேண்டியவை.

திரும்புவதற்கும் ஆயத்தம் வேண்டும்

கோவளக் கரையில் மீனவர்கள் அமர்ந்து வலையைச் சீர்செய்வதை நம் பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீண்டும் கடலில் இறங்குமுன் கிழிசலைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் கற்பித்த பாடம். நம் கீழைக்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை இருக்கிறது. முன்பு 45 நாள்களாக இருந்த இந்தத் தடை 2017-இல் நீட்டிக்கப்பட்டது. அந்த நாள்களில் காசிமேடு போன்ற துறைமுகங்களில் படகைப் பழுது பார்க்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், இயந்திரத்தைச் சீராக்குகிறார்கள். தடை முடியும் நாளன்று எழுந்து படகைத் தேடுபவர் எவருமில்லை. நாமோ ஞாயிறு நள்ளிரவில் வந்து விழுந்து, திங்கள் காலையில் வாழ்க்கையைத் தேடுகிறோம்!

இதற்கு ஸுன்னத்தில் நமக்குள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது: வேலை முடிந்ததும் தாமதிக்காமல் திரும்புவது. பயணம் மனிதனுக்கு உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை. ஆகவே நாடிய காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து வரவேண்டும் என்ற கருத்தை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் தருகிறது. உல்லாசப் பயணமும் உடலுக்கு அலுப்பே. விடுமுறையின் கடைசி மணி நேரம் வரை வெளியில் கழிக்காமல், ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது: வீட்டாருக்கு அவகாசம் தருவது. வெளியூரிலிருந்து வருபவர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து கதவைத் தட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. வீட்டிலுள்ளவள் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள நேரம் வேண்டுமல்லவா? இன்று கைப்பேசியில் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது: இறையில்லத்திலிருந்து தொடங்குவது. பயணத்திலிருந்து திரும்பினால் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று கஅப் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள். பள்ளி பூட்டியிருக்கும் நேரமானால் வீட்டிலேனும் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் பிறகு மூட்டையை அவிழ்க்கலாம். ஐந்து நிமிடம்தான். ஆனால் பழைய ஒழுங்கின் முதல் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

நான்காவது: இஷாவுக்குப் பின் வீண்பேச்சைக் குறைப்பது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நம் ஸுபுஹு தவறியது காலையிலா? இல்லை. முந்தைய இரவில் கைப்பேசியில் கடற்கரைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அப்போதே தவறிவிட்டது.

ஐந்தாவது: வீட்டு வேலையில் பங்கு பெறுவது. பயணத்திலிருந்து திரும்பிய அன்றே ஒரு மூட்டை அழுக்குத் துணியும், காலியான அடுப்பங்கரையும், மறுநாள் பள்ளிக்கூடச் சாப்பாடும் நம் இல்லத்தரசியின் தலையில் விழுகின்றன. நாம் ஓய்வெடுத்துத் திரும்பினோம். அவருக்கு ஓய்வு முடிந்ததோடு இரட்டை வேலையும் வந்தது. இஸ்திரி போடாத சட்டைக்காக ஏசியபோது இதை நாம் நினைத்துப் பார்த்தோமா? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். சட்டையை நாமே தேய்த்திருந்தால் ஒரு சண்டையும் பிள்ளையின் ஏக்கமும் மிச்சமாகியிருக்கும்.

ஆறாவது: கோபம் வந்தால் நிற்பவர் உட்காருவது, அதிலும் தணியாவிட்டால் படுப்பது. இதுவும் ஹதீஸில் வந்த மருந்தே.

தவறிய தொழுகைகளும் நோன்புகளும்

பயணத்தில் தவறியவை பற்றிச் சில சட்டங்களை அறிந்துகொள்வது அவசியம். தாம்பரத்திலிருந்து கோவளம் செல்பவர் ஷரீஅத்தின் கணக்கில் முஸாபிர் ஆகமாட்டார். ஹனபி, ஷாபிஈ இரண்டிலும் கஸ்ருக்குரிய தூரம் 75 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே அங்கே நான்கு ரக்அத்தை நான்காகவே தொழ வேண்டும். அறியாமல் கஸ்ர் செய்தவர் அவற்றை மீட்டித் தொழ வேண்டும்.

உண்மையான நெடும்பயணத்தில் தவறிய நான்கு ரக்அத் தொழுகையை ஊர் திரும்பிக் களாச் செய்யும்போது ஹனபிகள் இரண்டாகவும் ஷாபிஈகள் நான்காகவும் தொழ வேண்டும். ஊரில் இருக்கும்போது தவறியது எங்கே களாச் செய்தாலும் நான்குதான். ரமலானில் பயணத்தால் விட்ட நோன்புகளைப் பின்னர் எண்ணி நோற்க வேண்டும். ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

களா நிறைய இருந்தால் மலைத்துப்போய் உட்காரக் கூடாது. ஒவ்வொரு பர்ளுடனும் ஒரு களா என்று சேர்த்துத் தொழுதாலும் நாளுக்கு ஐந்து குறையும்.

சிறிதானாலும் நிலையாக

திரும்பி வந்ததும் சிலர் மறுகோடிக்குப் போவார்கள். தவறியதை ஈடுகட்ட இரவெல்லாம் நின்று தொழுவோம், தினம் ஒரு ஜுஸ்வு ஓதுவோம் என்று புறப்பட்டு, மூன்றாம் நாள் ஓய்ந்துவிடுவார்கள். பள்ளியின் இரு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஜைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்கென்று அறிந்து, அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகமுள்ளவரை தொழுது, களைத்தால் அமர்ந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

எனவே முதல் வாரத்தில் ஐவேளைப் பர்ளை மட்டும் உரிய நேரத்தில் பிடித்துக்கொள்வோம். அடுத்த வாரம் ஸுபுஹுக்குப் பின் ஒரு பக்கம் குர்ஆன் சேர்ப்போம். அதற்கடுத்து மற்றொன்று. கோவளத்தில் கிடைத்த மனநிம்மதி கடலிலிருந்து மட்டும் வந்ததல்ல. நேரத்துக்குத் தொழுது, நேரத்துக்கு உண்டு, நேரத்துக்கு உறங்கி, பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசியதால் வந்தது. இவற்றுள் எதற்குத் தாம்பரத்தில் தடை?

ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம். சில நாள் சோர்வு இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பின்றி, வாழ்வே பாரமாகத் தோன்றினால் அதை ஈமானின் குறை என்று மறைக்க வேண்டாம். அதுவும் நோய்தான். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். மருத்துவரை நாடுவதும் துஆக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸுபுஹுக்கு எழுந்தோம். பள்ளிக்குப் போனதும் நான்கு நாளாக எங்கே என்று எவரும் கேட்கவில்லை. இமாம் ஸாஹிப் ஸலாம் கூறிக் கையைப் பற்றினார், அவ்வளவுதான். வீடு திரும்பி இளைய மகனை எழுப்பி அருகில் உட்காரவைத்து, "அத்தா ஏசினது தப்புப்பா" என்றோம். தூக்கக் கண்ணோடு அவன் நம் மடியில் சாய்ந்துகொண்டான்.

திரும்பி வருகிறவர்களை ஏற்கும் வாசலை அல்லாஹ் மூடவில்லை. நாம்தான் வெட்கப்பட்டு வெளியே நின்றுவிடுகிறோம். வல்ல ரஹ்மான் நம் பயணங்களையும் நம் திரும்புதல்களையும் நன்மையாக்கி, நம் இல்லங்களில் அமைதியை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.