மின் காப்பு விதிகளும் பொதுமக்களின் விண்ணப்ப உரிமையும்

தோற்றுவாய்

காவிரியன்னை நெல்லை மட்டும் அளிப்பவள் அல்லள். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியினின்றும் மின்னாற்றல் எடுக்கப்பெற்றுக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937ஆம் ஆண்டில் அவ்வணையடியில் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. வயலுக்கு வரும் ஆறே விளக்குக்கும் ஒளி தருவதாயிற்று. வாய்க்காலிற் செல்லும் நீருக்குக் கரையும் மதகும் இன்றியமையாதன. கம்பியிற் செல்லும் மின்சாரத்துக்கு விதிகளே கரையாம். ஆற்றங்கரை உடைந்தால் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாய் ஓடி அடைப்பர். விதியில் உடைப்பிருந்தால் அதனை அடைக்க யார் ஓடுவது? எங்கே ஓடுவது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ட காட்சி

சென்ற தை மாத விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வண்டிகள் களத்தினின்றும் புறப்பட்டுக்கொண்டிருந்தன. வண்டிப்பாதையின் குறுக்கே மின்கம்பி ஒன்று தாழத் தொங்கிற்று. வைக்கோற் போரின்மீது ஏறி நின்ற ஒருவர், உலர்ந்த மூங்கிற் கழியால் அக்கம்பியை உயர்த்திப் பிடிக்க, வண்டி அதன்கீழ் நகர்ந்து சென்றது. யாம் நடுங்கிப்போய், “ஐயா, இஃது உயிருக்கு ஆபத்தன்றோ?” என்று வினவினோம். அவர் நகைத்து, “தம்பி, வருஷா வருஷம் இப்படித்தான். பலமுறை சொல்லியாயிற்று” என்றார். மூங்கிலில் ஈரம் ஏறியிருப்பின் அச்சொல்லே அவருடைய இறுதிச் சொல்லாயிருக்கும்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உராய்ந்தது. சிறுவர் உட்படப் பதினொருவர் மாண்டனர். அரசாங்கத்தார் விசாரணைக்கு ஆணையிட்டனர். அழுதோம், ஆறுதல் கூறினோம். ஆயினும் துன்பம் நேர்ந்தபின் செய்யும் விசாரணை வேறு. நேருமுன் செய்யும் விதித்திருத்தம் வேறு. முன்னது அரசாங்கத்தாரின் கடமை. பின்னதில் குடிமக்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

விதிகள் பிறக்கும் இடங்கள்

நம் நாட்டில் மின் காப்புப் பற்றிய விதிகள் மூன்று இடங்களிற் பிறக்கின்றன.

முதலாவது, புதுதில்லியிலுள்ள மத்திய மின்சார ஆணையம். 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் 1956ஆம் ஆண்டில் விரிவான விதிகள் இயற்றப்பட்டன. 2003ஆம் ஆண்டில் புதிய மின்சாரச் சட்டம் வந்தபின், அதன் 53ஆம் பிரிவு பொதுமக்களை மின்னிடரினின்றும் காக்கும் ஒழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை இவ்வாணையத்துக்கு அளித்தது. அங்ஙனம் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டில் புதியன வந்துள்ளன.

இரண்டாவது, 1999ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சென்னையிலுள்ள இவ்வாணையம் 2004ஆம் ஆண்டில் மின் வழங்கல் விதித்தொகுப்பையும் பகிர்மான விதித்தொகுப்பையும் வெளியிட்டு, அவற்றைக் காலந்தோறும் திருத்தி வருகின்றது.

மூன்றாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனம். வீட்டுக் கம்பியிணைப்பு, நில இணைப்பு முதலியவற்றுக்குரிய தரங்களை வகுப்பது இதுவே. தேசிய மின்னியல் விதித்தொகுப்பு என்னும் பெருநூலை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தியதும் இவ்வமைவனமே.

குடிமக்களின் வாயில்

இனி, இவ்விடங்களிற் குடிமக்கள் நுழையும் வாயில் யாது? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 177ஆம் பிரிவு மத்திய ஆணையத்தையும், 181ஆம் பிரிவு மாநில ஆணையத்தையும் நோக்கி, ஒழுங்குமுறை எதுவாயினும் முன்வெளியீடு செய்தபின்னரே இயற்றப்படவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. முன்வெளியீடு என்பதன் பொருளை 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்து 23ஆம் பிரிவு விளக்குகின்றது. வரைவை வெளியிடவேண்டும், அஃது எந்நாளில் ஆராயப்படும் என்று அறிவிக்கவேண்டும், அந்நாளுக்குமுன் வரும் மறுப்பையும் கருத்தையும் கருதிப்பார்க்கவேண்டும். கருத்துரைப்பவர் பொறியாளராயிருக்கவேண்டும், பட்டம் பெற்றவராயிருக்கவேண்டும் என்னும் நிபந்தனை ஈண்டில்லை. வைக்கோல் வண்டிக்காரரும் எழுதலாம்.

தர நிர்ணய அமைவனத்தின் வழி சற்றே வேறு. துறை வல்லுநர், உற்பத்தியாளர், நுகர்வோர் சார்பாளர் முதலியோர் அடங்கிய குழுக்கள் வரைவை ஆக்கிப் பொதுக் கருத்துக்காகப் பரப்புகின்றன. உலக வர்த்தக அமைப்பின் நன்னடைமுறை நெறி இதற்குக் குறைந்தது 60 நாள் அளிக்கவேண்டும் என்கிறது. ஒவ்வொரு தரமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறு ஆய்வு செய்யப்படுவது முறை. வரைவு வரும்வரை காத்திராமலே, இன்ன தரத்தைத் திருத்துக என்று எழுத்துமூலம் வேண்டுதலும் கூடும்.

அயல்நாட்டார் நடைமுறையும் இதனோடு ஒத்ததே. அமெரிக்க நாட்டின் தேசிய மின்னியல் விதித்தொகுப்பு முதன்முதல் வெளிவந்ததும் மேற்கூறிய 1897ஆம் ஆண்டிலேயாம். அது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றது. ஆங்கு எவரும் முதலிற் பரிந்துரை அனுப்பலாம். குழுவினரின் முதல் வரைவு வெளிவந்தபின் மீண்டும் கருத்துரைக்கலாம். வாதப் பிரதிவாதங்களை ஏட்டில் வைத்துக் குழுவினர் விடை கூறுவர்.

விண்ணப்பம் எழுதும் முறை

உரிமை உண்டென்பதால் மட்டும் பயன் விளையாது. “கம்பிகள் ஆபத்தாயுள்ளன, ஆவன செய்க” என்றெழுதினால் அது முறையீடாகுமேயன்றித் திருத்த விண்ணப்பம் ஆகாது. நல்ல விண்ணப்பத்துக்கு உறுப்புக்கள் ஐந்து: எந்த விதி என்பது ஒன்று, அவ்விதியில் இப்போதுள்ள சொற்கள் இரண்டு, அவற்றுக்கு ஈடாக வேண்டப்படும் சொற்கள் மூன்று, காரணமும் சான்றும் நான்கு, செலவும் செய்யும் வகையும் ஐந்து.

மேற்கண்ட வண்டிப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையினின்றும் 5.8 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல்வேண்டும். தெருவின் நெடுகச் செல்வதாயின் 5.5 மீட்டர், பிற இடங்களில் உறையற்ற கம்பிக்கு 4.6 மீட்டர். இவ்வளவுகள் 1956ஆம் ஆண்டு விதிகளிலும் இருந்தனவே. சாலையைப் புதுப்பிக்குந்தோறும் பழைய தளத்தின்மீதே புதுத் தளம் இடப்படுமாயின், கம்பம் நின்றவிடத்தே நிற்க, தரை மட்டும் உயரும். ஒருமுறைக்கு 15 சென்டிமீட்டர் என வைத்துக்கொண்டால், இருமுறையில் 5.8 மீட்டர் 5.5 ஆகிவிடும். கம்பியை ஒருவரும் தாழ்த்தவில்லை. ஆயினும் கம்பி தாழ்ந்துவிட்டது! கோடை வெயிலிற் கம்பி நீண்டு தொய்வதும் இதனோடு சேரும். ஆகவே, “சாலைத் தளம் உயர்த்தப்படும்போது, அப்பணியைச் செய்வோர் மின் உரிமதாரருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும், பணி முடிந்தபின் உயரத்தை அளந்து பதியவேண்டும்” என்னும் சொற்களை வேண்டலாம். அளப்பதற்குச் செலவு சிறிது. அளவாமையால் நேரும் இழப்போ உயிர்.

சான்று தேடுதலும் அரிதன்று. மின் விபத்துக்களை அறிவிக்கவும் அவற்றை விசாரிக்கவும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 161ஆம் பிரிவு வழி செய்துள்ளது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்விவரங்களைக் கேட்டல் இயலும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களிற் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி உடன் இணைப்பின், அஃது ஒருவர் குரலாயிராமல் ஊர்க்குரலாகும். கம்பியின் உயரத்தை மட்டும் ஒருவரும் தாமே கழியால் அளத்தல் கூடாது. மின்வாரியத்தார் அளந்து தரக் கேட்பதே தக்கது.

சிறியோர் வீடு

விதிகளை மக்கள் ஊன்றிப் படிக்கவேண்டியதன் காரணத்தை மற்றோர் உதாரணத்தாலும் காட்டுவோம். மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றுண்டு. வீடுகளில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது துண்டிக்கவேண்டும் என்று 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறின. நல்ல விதியே, ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புக்களுக்கு அது விலக்களித்தது. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உடைய கூலியாளின் வீடு அவ்விலக்கினுட் பட்டது. மழை நாளிற் சுவர் ஊறி மின்கசிவு நேர்வது பெரும்பாலும் எவ்வீட்டில்? பின்வந்த திருத்தத்தில் அவ்வெல்லை குறைக்கப்பட்டது. விலக்கு என்னும் சிறு சொற்றொடரில் எத்தனை வீடுகள் அடங்கிக் கிடந்தன என்பதை எண்ணுக.

தடைகள்

உண்மையை மறைத்தல் தகாது. அதிகாரிகள் எமது கருத்தைக் கருதிப்பார்க்கக் கடமைப்பட்டவரேயன்றி, ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். வரைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. நாற்று நடுபவரும் நெல் அறுப்பவரும் அவற்றைப் படித்தல் யாங்ஙனம்? ஈண்டே கல்லூரி மாணவராகிய நமக்குப் பணி காத்திருக்கின்றது. தமிழ் பயிலும் மாணவர் வரைவை எளிய தமிழிற் பெயர்த்துத் தரலாம். இயற்பியல் பயிலும் மாணவர் பொருள் விளக்கலாம். ஊராரின் அனுபவத்தை விதிமொழியில் எழுதி உரிய நாளுக்குள் அனுப்பலாம். கற்றதனாலாய பயன் இதனினும் வேறுண்டோ?

முடிவுரை

திருவாரூரிலே மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தூங்கிற்று என்பர். வாய் பேசாப் பசுவும் அதனை அசைத்து நீதி கேட்டது. அம்மணி யாவர்க்கும் எட்டும் உயரத்தில் இருந்தது அதன் சிறப்பு. ஆயினும் பசு மணியை அசைத்தது கன்று தேர்க்காலிற் பட்டு மடிந்த பின்னரேயாம். முன்வெளியீடு என்னும் இக்கால மணியோ, கன்று மடியுமுன்னரே அசைத்தற்கு உரியது. அஃது எங்குத் தூங்குகின்றது என்பதை அறிந்தோம். அடுத்த தை பிறக்குமுன், எம் ஊர் வண்டிப்பாதையைப் பற்றி விண்ணப்பம் ஒன்று எழுத உறுதிகொண்டுள்ளோம். படிக்கும் நண்பர்களும் தத்தம் ஊரின் கம்பிகளை ஒருமுறை அண்ணாந்து நோக்குவாராக.