கணினியிலிருந்தே பிஎஸ்5-ஐ இயக்கலாம்

கூடத்தில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5-ஐ (பிஎஸ்5), அறையில் இருக்கும் கணினியிலிருந்தே பைத்தான் நிரல்மொழி மூலம் இயக்க முடியும். 'பைரிமோட்பிளே' என்ற இலவச நிரல் நூலகம் இதற்கென்றே இருக்கிறது.

முதல் வேலை பிஎஸ்5-இல்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் பிளே சென்று வசதியை இயக்குங்கள். 'லிங்க் டிவைஸ்' தொட்டால் 8 இலக்க எண் ஒன்று வரும். அது சிறிது நேரமே செல்லுபடியாகும். எனவே கணினியில் பைரிமோட்பிளேயின் பதிவுப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணை எடுத்து அங்கே இடுங்கள். ஓய்வு நிலையிலிருந்து எழுப்ப வேண்டுமானால், பவர் சேவிங் பகுதியில் நெட்வொர்க் வழியே இயக்கும் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நிரல் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொத்தானை 'பிரஸ்' செய்தால், 'ரிலீஸ்' கட்டளை வரும்வரை அது அழுந்தியே இருக்கும். மெனு தாறுமாறாக ஓடும். சாதாரணத் தட்டலுக்கு 'டேப்' போதும். ஆட்டக்கோலின் (ஜாய்ஸ்டிக்) அசைவை -1 முதல் 1 வரையான எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

கை அசைவு குறைந்தவர்கள் ஒரே விசையில் பல பொத்தான்களை இயக்க இந்த நூலகம் பேருதவி. ஆனால், பிறருடன் இணையத்தில் ஆடும் போட்டிகளில் பயன்படுத்தாதீர்கள், கணக்கே முடக்கப்படலாம். பதிவு விவரங்கள் உள்ள கோப்பை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.