தரகரிடம் மென்பொருள் விற்பது எப்படி?

சந்தையியல் பாடத்தில் ‘வாங்குவோர் தேவையை முதலில் அறிக’ என்று படிக்கிறோம். அதன் பொருளைத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீட்டுமனைத் தரகு செய்யும் என் சித்தப்பாவிடம் கற்றேன்.

கூடுவாஞ்சேரிப் பகுதியில் இயங்கும் ஸோஹோ நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளை 2005-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. இன்று அவ்வகைப் புது மென்பொருள்கள் பலவற்றின் விளம்பரங்கள் சித்தப்பாவின் வாட்ஸ்அப் தரகர் குழுவில் வருகின்றன. அவர் படிப்பதில்லை. “நோட்டிலுள்ள பெயர்கள்தாம்ப்பா என் முதல், அதை இன்னொருத்தன் கையில் கொடுப்பேனா?” என்பார்.

அவருடைய பழைய நோட்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து எழுத்தழிந்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமோ, பதிவுக்குரிய திட்டங்களை விற்றுத்தரும் முகவர் தாமும் பதிவு பெற்று, கணக்கேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது.

ஆகவே நண்பர்களே, குழுவில் விலையை அறிவிக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பெயர்கள் யார் கையில் இருக்கும்? வெள்ளம் வந்தால் மிஞ்சுமா? அதைச் சித்தப்பா நிச்சயம் படிப்பார்.