பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்



புத்தளம் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாட் திறன் கொண்டது. நிலக்கரிச் சாம்பல் காற்றோடு வந்து வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாக அயல் கிராமத்தவர் பல வருடங்களாக முறையிட்டு வந்துள்ளனர்.

"அது எங்கோ தூரத்தில், பதுளையில் எமக்கென்ன?" எனலாம். நுண்தூசிக்கு எல்லையில்லை. 2022 டிசம்பர் 9ஆந் திகதி காற்று மாசினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. லயக் காம்பிராவின் அடுப்புப் புகையிலும் நுண்தூசி உண்டு.

சிறுவர் ஏன் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்? அவர்களது மூச்சுக்குழாய் ஒடுக்கமானது. நுரையீரல் இன்னும் வளர்கிறது. பெரியோரைவிட வேகமாக மூச்சு விடுவதால் தூசியும் கூடுதலாக உட்செல்கிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. காய்ந்த விறகையே எரியுங்கள். சமைக்கும்போது கதவு, ஜன்னலைத் திறந்து, பிள்ளையைப் புகைக்கு அப்பால் வையுங்கள்.

2. இருமும் பிள்ளை அமைதியாக இருக்கையில், ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. மூச்சு இழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும் ஆபத்தே.

விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும்.